நிற்றல்: சொல்லில்லாத ஒரு நோவின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எமது புகலிடச் சஞ்சிகைகள் பெண்ணுடல் பற்றி எழுதவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து நடத்தும் அபத்தம் பற்றி எழுதினோம். கற்பு, சீதனம், வீட்டுக்குள் நடக்கும் அடி உதை பற்றி எழுதினோம். 1990இல் ஜேர்மனியில் தொடங்கிய பெண்கள் சந்திப்பு போன்ற இடங்களில் ஆண்கள் முகம் சுழித்த விடயங்களும் பேசப்பட்டன. ஆனால் நான் வாசித்த அளவில், எமது எழுத்தில் வரும் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உடம்பு கிடையாது. அதற்குப் பிறகு அவள் ஒன்றில் தாய், அல்லது மாமி, அல்லது பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்தவள். அவளுக்கு வியர்ப்பதில்லை, நித்திரை முறிவதில்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதைகளுக்கு உதவி கேட்டு வைத்தியரிடம் போன கதையை எழுதப்போகிறேன் என்றதும், இச்சஞ்சிகையின் பழைய வாசகரான நண்பர் ஒருவர், "இதில் வரலாறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் சில காலம் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு எனது விரிவுரையாளர் வாழ்வு முடிந்தது. 1998இல் டென்மார்க் வந்தேன். பிரெடெரிசியாவிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு உணவுத் தொழிற்சாலையில் ஓடும் பட்டிக்கு முன்னால் நிற்கிறேன். அறையின் வெப்பநிலை 5 பாகை. அந்தக் குளிரில், கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, நெஞ்சிலிருந்து தலைவரை நெருப்பு ஏறி வியர்வை ஒழுக நிற்பது எப்படியிருக்கும் என்பதை 47 வயதில் அறிந்தேன். கண்ணாடியில் ஆவி படிந்து பொதிகளின் திகதி தெரியாமல் போய்விடும். இரவில் நான்கு தடவை சட்டை மாற்றுவேன். காலை வேலை ஆறு மணிக்கு. இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு நித்திரை இல்லை. முழங்காலும் விரல்மூட்டும் உளைந்தன. பெயர்கள் மறந்தன. ஒருநாள் இடைவேளையில் எனது மாணவி ஒருத்தியின் ஞாபகம் வந்தது, அவளுடைய பெயர் வரவில்லை. கழிவறைக்குள் போய் அழுதேன். அப்படி அழுகிறவள் அல்ல நான்.

முதல்முறை வைத்தியரிடம் போனபோது எனக்கு ஒதுக்கப்பட்டது பத்து நிமிடம். நித்திரை இல்லை, உடம்பு எரிகிறது, மூட்டு நோகிறது என்றேன். நான் எந்த நாட்டவள் என்று கேட்டார். போர் பற்றிக் கேட்டார். வீட்டில் கவலை ஏதும் உண்டா என்றார். உண்டு என்றேன். எம்மில் யார் இல்லை என்று சொல்ல முடியும்? ஆறாவது நிமிடத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதப்பட்டுவிட்டது. டெனிஷ் மக்கள் இவ்வகை மாத்திரையை 'லுக்கபில', அதாவது மகிழ்ச்சி மாத்திரை என்று கேலியாகச் சொல்வார்கள். எனக்கு எழுதிய சித்தலோப்ராம் இந்த நாட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. லுண்ட்பெக் என்ற கொப்பன்ஹேகன் நிறுவனம் 1989இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எட்டு மாதம் விழுங்கினேன். வியர்வை நிற்கவில்லை. மாதவிடாய் ஒழுங்கு கெட்டிருப்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது பகுதியையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஏன் சொல்லவில்லை? சொல்வதற்கு என்னிடம் என்ன சொல் இருந்தது?

தமிழில் தொடக்கத்துக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். பெரியபிள்ளையாதல், சாமத்தியப்படுதல், பூப்படைதல், புத்தியறிதல், ருதுவாதல். அதற்கென்று உழுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை, தண்ணீர் வார்க்க மாமி, படம் பிடிக்க ஆள். முடிவுக்கோ ஒரு வினைச்சொல் மட்டும்: 'நின்றுபோச்சு'. எது நின்றது என்ற எழுவாயே இல்லாத வாக்கியம். 'மாதவிடாய் நிறுத்தம்' என்பது பத்திரிகைத் தமிழ். அதை வாயால் சொன்ன ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை நான் கண்டதில்லை. டெனிஷ் மொழியில் 'ஓவர்காங்ஸ்ஆல்டர்' என்கிறார்கள், கடக்கும் வயது. நல்ல சொல்தான். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்பதை அது சொல்வதில்லை என்பது வேறு விடயம்.

இரண்டாம் தடவை வேறு ஒரு வைத்தியர். இம்முறை நேரடியாகவே கேட்டேன்: இது அந்த வயதுக் கோளாறா, ஹோர்மோன் தரலாமா? அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மார்புப் புற்றுநோய் வரும், இப்போது அதைக் கொடுப்பதில்லை, இது இயற்கையானது, கடந்துபோகும்" என்றார். இப்போது என்று அவர் சொன்ன சொல்லில்தான் நான் பிடித்துக்கொண்டேன். இப்போது இல்லையென்றால் முன்பு உண்டு. முன்புக்கும் இப்போதுக்கும் நடுவில் ஏதோ ஒரு வருடம் இருக்க வேண்டும். நகர நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு பெயர் வந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. 'மெனோபோஸ்' என்ற சொல்லைத் தனது நூலின் தலைப்பில் வைத்துப் பரவச்செய்தவர் ஷார்ல் து கார்தான் என்ற பிரெஞ்சு வைத்தியர், 1821இல். இலண்டனில் எட்வர்ட் ரில்ற் 1857இல் இதைப்பற்றி முழுநூல் எழுதினார். அவருடைய வைத்தியத்தில் இரத்தம் எடுப்பதும் மயக்க மருந்தும் முக்கியமானவை. ஜேர்மனியில் கிரேப்பெலின் 1896இல் இறங்குவயது மனச்சோர்வு என்று ஒரு தனி நோயையே வகுத்தார். அப்படி ஒரு தனி நோய் இல்லை என்று அமெரிக்க மனநல வைத்தியர்கள் தமது பட்டியலிலிருந்து அதை நீக்கியது 1980இல். எனது முதல் வைத்தியருக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லைப் போலும்.

பிறகு மருந்துக் கொம்பனிகளின் காலம். 1942இல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. சினைப்பட்ட குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ரோஜென். 1966இல் ரொபேர்ட் வில்சன் என்ற வைத்தியர் 'என்றென்றும் பெண்மை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். நீரிழிவுக்கு இன்சுலின் போல, நிற்றல் என்ற குறைபாட்டு நோய்க்கு ஈஸ்ரோஜென் என்பது அவர் வாதம். மாத்திரை எடுக்காத பெண் கணவனுக்குச் சுமை என்ற தொனியில் பக்கங்கள் போகின்றன. அவருக்குப் பணம் கொடுத்தது அம்மருந்தின் கொம்பனி என்பது பல வருடங்களுக்குப் பிறகே வெளியில் பரவலாகப் பேசப்பட்டது. 1975இல், ஈஸ்ரோஜெனை மட்டும் எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுவதை இரண்டு ஆய்வுகள் காட்டின. அதன்பின் கருப்பை உள்ளவர்களுக்கு இன்னொரு ஹோர்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுபடியும் விற்பனை ஏறியது.

எனது வைத்தியர் சொன்ன 'இப்போது' 2002 யூலையில் பிறந்தது. 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று நடுவழியில் நிறுத்தப்பட்டது. வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு மார்புப் புற்றுநோய் வரும் இடத்தில், இரண்டு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. எட்டுப்பேர் சிறிய தொகையல்ல, ஒவ்வொருவரும் ஒரு பெண். ஆனால் பத்திரிகைகள் இதை 26 வீத அதிகரிப்பு என்று எழுதின. அதுவும் பொய்யல்ல. எந்த எண்ணைச் சொல்வது என்பதும் ஓர் அரசியல்தான். அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்புச் செய்திகளில் இல்லை. நின்று பத்து வருடத்துக்கு மேலானவர்களே அதில் அதிகம், நெருப்பு ஏறும் வயதினரல்ல. ஒரே வருடத்தில் உலகெங்கும் வைத்தியர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

இதில் டென்மார்க்குக்குத் தனியாக ஒரு கதை உண்டு. இங்கே 1990 முதல் 1993 வரை, மாதவிடாய் நின்று அதிக காலம் ஆகாத 1,006 பெண்களைச் சேர்த்து எலும்புத்தேய்வு பற்றிய ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப்பேருக்கு ஹோர்மோன். இருபது வருடம் கொடுப்பதாகத் திட்டம். அமெரிக்கச் செய்தி வந்ததும் 2002இல் இதையும் நிறுத்தினார்கள். ஆனால் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2012இல் முடிவு வெளியானது: மரணம், மாரடைப்பு, இருதயம் செயலிழத்தல் ஆகியவை ஹோர்மோன் எடுத்தவர்களில் 16 பேருக்கு, எடுக்காதவர்களில் 33 பேருக்கு. புற்றுநோய் கூடவில்லை. சிறிய ஆய்வு, குறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. 2023இல் வந்த இன்னொரு டெனிஷ் ஆய்வு ஹோர்மோனுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்கிறது, அது காரணம் என்று நிறுவவில்லை. நான் மருந்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட 'இயற்கை' என்ற பதில் ஒரு திகதியிட்ட பதில் என்பதையே சொல்கிறேன். நான் 1958இல் கேட்டிருந்தால் மயக்க மாத்திரை கிடைத்திருக்கும், 1968இல் குதிரை மூத்திரம், 2003இல் பொறுத்துக்கொள் என்ற புத்திமதி. பதினைந்து வருடம் கழித்தும் எனக்குக் கிடைத்தது அந்த 2003தான்.

இனி எம்மவர் பக்கம். எமது வைத்திய வரலாற்றைப் பேசும்போது எல்லோரும் சாமுவேல் கிறீனைச் சொல்வார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கி, மேற்கு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த பெருமகன். தமிழருக்கான வைத்திய ஊழியன் என்று தனது கல்லறையில் பொறிக்கக் கேட்டவர். அவர் காலத்துத் தமிழ் வைத்திய நூல்களில் ஒன்று 'பிரசவ வைத்தியம்'. மோன்செல் என்பவரின் ஆங்கில நூலின் பெயர்ப்பு. வெளியான வருடம் 1857. இலண்டனில் ரில்ற்றின் நூல் வந்த அதே வருடம். தற்செயல்தான். ஆனால் வரலாற்று ஆசிரியர்களுக்குத் தற்செயல்கள் மீது ஒரு பலவீனம் உண்டு. பிள்ளைப்பேறு தமிழுக்கு வந்தது, நிற்றல் வரவில்லை. கிறீனிடம் படித்தவர்கள் ஆண்கள், யாழ்ப்பாணத்துப் பெண் அவர்கள் முன் தன் உடம்பைத் திறந்து பேசுவாளா? பெண்களுக்கென்று இனுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது 1898இல். பெண் வைத்தியர்கள் வந்தார்கள். எனது அம்மம்மாவின் வாயில் 'இனுவில்' என்றால் ஊர் அல்ல, பிள்ளைப்பேறு. மேற்கு வைத்தியம் தமிழ்ப் பெண்ணிடம் வந்த வழி கருப்பை. கருப்பையின் வேலை முடிந்ததும் வைத்தியமும் வந்த வழியே போய்விட்டது. சுதேச வைத்தியம் திறமா என்றால், பன்னிரண்டில் தொடங்கி ஐம்பதில் ஓயும் என்று சுஸ்ருதர் கணக்குச் சொல்லியிருக்கிறார். எரிச்சலோடு விழித்திருப்பவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

இந்த இடத்தில் படித்த ஆண் நண்பர்கள் ஒரு வாதத்தோடு வருவார்கள். கீழைத்தேயப் பெண்களுக்கு இந்த உபாதை இல்லை, இது மேற்கின் முதலாளித்துவம் இளமையை வழிபடுவதால் வந்தது, எமது சமூகத்தில் வயது ஏறப் பெண்ணுக்கு மதிப்பு ஏறுகிறது என்பார்கள். ஆதாரமும் உண்டு. மார்சா பிளின்ற் என்ற மானிடவியலாளர் 483 ராஜபுத்திரப் பெண்களிடம் விசாரித்து, நின்றபின் முக்காட்டுக் கட்டுப்பாடு தளர்வதால் அவர்களுக்கு அது தண்டனை அல்ல, பரிசு என்று 1975இல் எழுதினார். நானும் ஒருகாலம் இதை நம்பினேன். நம்ப இனிமையான வாதம். ஏனென்றால் இது எம்மைக் காலனிய மேலாண்மையிலிருந்து காப்பாற்றுகிறது. கூடவே எமது பெண்களின் முறைப்பாட்டைக் கேட்கும் சிரமத்திலிருந்தும் காப்பாற்றுகிறது.

மார்கிரட் லொக் 1993இல் யப்பானியப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் இன்னும் கவனமானது. அவர்கள் வெப்பம் ஏறுவதைக் குறைவாகவே சொன்னார்கள், தோள்பட்டை இறுக்கத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள். உடம்பும் பண்பாடும் சேர்ந்தே நோவை ஆக்குகின்றன என்பது அவர் முடிவு. அதாவது அங்கே நோவு இல்லை என்பதல்ல, வேறு இடத்தில் இருக்கிறது. எமது அக்காமார் கைகால் உளைவு என்பது, பித்தம் என்பது, தலைக்குள் புகை என்பது எல்லாம் எந்தக் கேள்விக்கொத்தில் எந்தக் கட்டத்துக்குள் விழும்? அமெரிக்காவில் 1996 முதல் ஐந்து இனத்துப் பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, வெப்பம் ஏறுதல் நடுத்தரமாக ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கிறது என்று 2015இல் சொன்னது. ஓரிரு வருடத்தில் கடந்துபோகும் என்ற ஆறுதல் அத்தோடு அடிபட்டுப்போயிற்று. அந்த ஐந்து இனத்தில் தென்னாசியர் இல்லை. மதிப்பு ஏறுவது பற்றி: யாருக்கு ஏறுகிறது? தாலி அறுத்தவளுக்கா? இரவு வேலைக்குப் போய்வந்து சோறு வடிப்பவளுக்கா? மருமகள் ஓகூஸிலும் மகன் இலண்டனிலும் இருக்க, முக்காடே போடாத எமக்கு இங்கே எதைத் தளர்த்துவார்கள்?

எனது மாடிக்குக் கீழே ஓர் அக்கா இருக்கிறார். 1986இல் கணவர் வந்துவிட்டார். இவர் விண்ணப்பித்தது 1987இல். அந்த வருடம்தான் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். அதன் விளைவாக 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டர் பதவி விலகியதும், 1995இல் ராஜ்ய நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த தண்டனை விதித்ததும் டெனிஷ் பாடப்புத்தக வரலாறு. 'தமிழர் விவகாரம்' என்று எமது பெயரிலேயே அது அழைக்கப்படுகிறது. அக்காவின் வரலாறு அதற்குள் இல்லை. இந்திய இராணுவ காலம் முழுவதும் இரண்டு பிள்ளைகளோடு காத்திருந்துவிட்டு 1989 கடைசியில் வந்தார். மொழிப் பள்ளியில் அதிகம் இருக்கவில்லை, வேலைக்குப் போனார். நாற்பத்தாறு வயதில் எரிச்சலும் வறட்சியும் தாங்காமல் வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்த்தது பதினொரு வயதுக் கடைசி மகன். "கீழே காயுது, எரியுது எண்டு சொல்லு" என்று தாய் சொல்ல, பிள்ளை சிவந்துபோய், அம்மாவுக்கு வயிற்றுவலி என்று சொன்னான். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அன்றோடு அவரது கோப்பில் என்ன எழுதப்பட்டதோ, பிறகு எந்த நோவோடு போனாலும் ஒரு புன்னகை கிடைத்தது என்கிறார். டெனிஷ் ஆஸ்பத்திரிகளின் பேச்சுவழக்கில் அதற்கு ஒரு பெயர் உண்டு: 'எத்னிஸ்க ஸ்மெர்ட', இனத்தவர் வலி. எமக்கும் துருக்கியருக்கும் அரபுக்காரருக்கும் பொதுவாக வழங்கப்பட்ட வலி.

ஒடென்ஸ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2008இல் குடியேறியோருக்கான ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய மோர்ட்டன் சோடமான் என்ற வைத்தியர், மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் நோயறிதல் எப்படிப் பிழைத்துப்போகிறது என்று வருடக்கணக்காக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். அது ஒரு பக்கம். மறுபக்கம், 2018 யூலை முதல் இந்த நாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கட்டணத்தைத் தானே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரெடெரிசியாவின் கோட்டைமேட்டில் நடக்கும்போது இதை நினைப்பேன். 1650இல் கட்டிய இந்தக் கோட்டை நகருக்கு யாரும் குடிவர விரும்பாதபோது, 1682இல் கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் கல்வின் மதத்தாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் தந்து அழைத்தார்கள். ஆள் தேவைப்பட்ட காலத்தில் மொழியும் மதமும் தடையாக இருக்கவில்லை.

கட்டணம் பற்றிக் கேள்விப்பட்டதும் அக்கா மேலே ஏறிவந்தார். "பிள்ளை, நீர் ஒருக்கா என்னோடை வாரும். உமக்குத் தெரியாத டெனிஸே." அவருக்கு அப்போது அறுபத்திரண்டு. பதினாறு வருடமாக அதே எரிச்சல், அத்தோடு அடிக்கடி மூத்திரக் கடுப்பு. போனோம். இளம் பெண் வைத்தியர். அக்கா சொன்னார், நான் சொன்னேன். வறட்சிக்கு உள்ளே வைக்கும் சின்ன ஈஸ்ரோஜென் மாத்திரை எழுதித் தந்தார். இரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கும், பயம் வேண்டாம் என்றார். ஆறு கிழமையில் அக்காவுக்குச் சுகம். "இதுக்கோ பதினாறு வருசம்?" என்று கேட்டார். அவர் என்னைத்தான் கேட்டார், எனக்குப் பதில் இருக்கவில்லை.

அன்று அந்த அறையில் இன்னொன்றும் நடந்தது. அக்காவுக்காகச் சொல்லும்போது எனக்கு நா கூசவில்லை. யோனி என்ற சொல்லை டெனிஷில் சாதாரணமாகச் சொன்னேன். எனக்காகப் போனபோது சொல்லாத சொல். அதே கிழமை எனக்கும் நேரம் எடுத்தேன். இம்முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கடைசி மாதவிடாயின் திகதி, ஒரு இரவில் எத்தனை தடவை விழிப்பு, எத்தனை மாதமாக, முன்பு தந்த மருந்துகள், குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் இல்லை, இரத்தக்கட்டி இல்லை. ஒரு மூலாதாரப் பத்திரம் தயாரிப்பது போலத் தயாரித்தேன். வைத்தியர் வாசித்துவிட்டு, அறுபதுக்குக் கீழே, நின்று பத்து வருடத்துக்குள் உள்ளவர்களுக்கு நன்மை பெரும்பாலும் கூடுதல் என்றார். தோலில் ஒட்டும் வகை இரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, கருப்பைக்குப் பாதுகாப்பாக இன்னொரு மாத்திரை, வருடத்துக்கொருமுறை வந்து பேச வேண்டும் என்றார். மூன்றாம் கிழமை முழு இரவு நித்திரை கொண்டேன். மூட்டு உளைவு முழுதாய்ப் போகவில்லை. அது பட்டியின் வேலையாகவும் இருக்கலாம். மாணவியின் பெயர் ஒருநாள் பேருந்தில் போகும்போது தானாக வந்தது.

வீட்டுக்காரர் ஒட்டுத்தாளைப் பார்த்துவிட்டு நோவுக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. முற்போக்கான மனிதர்தான், இச்சஞ்சிகையின் முதல் இதழிலிருந்து வாசிப்பவர். இதையும் வாசிப்பார்.

இப்போது ஞாயிறுகளில் அக்காவின் குசினியில் ஆறு ஏழு பேர் கூடுகிறோம். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் டெனிஷ். புகை ஏறுது, காந்துது, விறுவிறுப்பு, உளைவு, வெப்பிசாரம், படபடப்பு, கீழ்க்காய்வு. வைத்தியரிடம் கொண்டுபோகக்கூடியதாக ஒவ்வொன்றுக்கும் நேர்ச்சொல் தேடுகிறோம். 'காந்துது' என்பதற்கு இன்னும் சரியான டெனிஷ் கிடைக்கவில்லை. மட்டக்களப்பு, மன்னார், மலையகம், தமிழ்நாட்டுப் பக்கங்களில் இவற்றுக்கு வழங்கும் சொற்கள் எம்மிடம் அதிகம் இல்லை. வாசகர்கள், முக்கியமாகத் தாய்மாரோடு இருப்பவர்கள், கேட்டு ஆசிரியர் முகவரிக்கு எழுதியனுப்பினால் கொப்பியில் சேர்த்துக்கொள்வோம்.